மலைப்பாதையில் வீண் பாரம்

மோட்டார் வண்டியின் எடையைப் பற்றி இப்பக்கத்தில் எழுத வேண்டிய அவசியம் என்னவென்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். எடை வண்டி செய்கிறவர் கவலை. எண்ணெய்ச் செலவு வண்டி வைத்திருப்பவர் கவலை. பொதுஜனங்களுக்கு இதில் சம்பந்தம் யாது என்று அவர்கள் எண்ணலாம். நாம் அவ்விதம் எண்ணவில்லை. நம் நாட்டில் செலவாகும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அந்நிய தேசங்களிலிருந்து கப்பலேறி வருகிறது. ஈட்டிய செல்வத்தைக் கொடுத்து வாங்கும் இப்பொருளில் ஒவ்வொரு லிட்டரும் எதன் பொருட்டு எரிக்கப்படுகிறது என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. மனிதரைச் சுமக்க எரிந்தால் நியாயம். விளைபொருளைச் சுமக்க எரிந்தாலும் நியாயமே. இரும்பு தன்னைத்தானே சுமந்துகொள்வதற்காக எரிந்தால் அதற்கு யார் பொறுப்பு?

சமவெளியில் இக்கேள்வியின் கூர்மை புலப்படுவதில்லை. நேர்ச்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே பெரிய பகை. எடை, சக்கரத்தின் உராய்விலும், நின்று நின்று கிளம்பும்போதும் மட்டுமே தன் வேலையைக் காட்டும். அமெரிக்க எரிசக்தி இலாகாவார் கூறும் கணக்கின்படி, மோட்டார் காரின் எடையில் நூற்றுக்கு 10 பங்கு குறைத்தால், ஒரு லிட்டரில் ஓடும் தூரம் நூற்றுக்கு 6 முதல் 8 பங்கு வரை கூடலாம். இது சிறிதன்று; ஆயினும் இந்த நூற்றுவீதக் கணக்கு யாருடைய மனத்திலும் தைப்பதில்லை. மலைமேல் ஏறினால் இதே விஷயம் உள்ளங்கை நெல்லிக்கனியாக விளங்கும். ஆதலால் நேயர்களைக் கோத்தகிரிச் சாலைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் தூரம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 330 மீட்டர் உயரத்திலும், கோத்தகிரி சுமார் 1,790 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. அதாவது அந்த 33 கிலோமீட்டருக்குள் ஒரு வண்டி 1,450 மீட்டருக்குக் குறையாமல் செங்குத்தாகத் தன்னைத் தூக்கிக்கொள்ள வேண்டும். 1819-ல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் மலையேறிக் கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியில் தங்கினார். அவர் காலத்திலேயே, 1823-ல், சிறுமுகையிலிருந்து அங்கு ஒரு பாதை அமைந்தது. பிற்காலத்தில் வந்த ரயிலோ கோத்தகிரியை விட்டு விலகிப் போயிற்று. அது 1899-ல் குன்னூரையும் 1908-ல் உதகமண்டலத்தையும் அடைந்தது. ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி உயரும் அந்தச் சரிவில் வழுவழுப்பான தண்டவாளம் உதவாது என்று கண்டு, நடுவில் பற்சட்டம் பதித்து, பற்சக்கரத்தால் அதைக் கவ்விக் கவ்வி ஏறும்படி செய்தார்கள். கோத்தகிரிக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. இரும்பு வேலையிலும் மர வேலையிலும் தேர்ந்த கோத்தர் பெயரால் வழங்கும் அவ்வூருக்கு ஏறுகிறதும் இறங்குகிறதும் எல்லாம் சாலை வழியேதான்.

இனிக் கணக்கிற்கு வருவோம். இது பள்ளிக்கூடப் பௌதிக புஸ்தகத்தில் உள்ள கணக்கே; நேயர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் எடையை 1,450 மீட்டர் தூக்குவதற்கு வேண்டிய சக்தி சுமார் 14 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் அடங்கியிருக்கும் சக்தி சுமார் 36 மெகாஜூல். ஆனால் எஞ்சின் அதில் பெரும்பகுதியை உஷ்ணமாகவும் புகையாகவும் வெளியே விட்டுவிடுகிறது. கியர்களையும் அச்சையும் கடந்து சக்கரத்துக்கு வந்து சேருவது மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 மெகாஜூல் என்று கொள்ளலாம். ஆகவே மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஒரு டன் ஏற வேண்டுமானால் ஒரு லிட்டர் டீசலுக்குக் குறையாமல் எரிந்தே தீர வேண்டும். காற்றும் சக்கர உராய்வும் கேட்கும் செலவு இதற்குப் புறம்பானது. ஏற்றப்படுவது அரிசியா, ஆளா, பழைய இரும்பா என்று மலை பார்ப்பதில்லை. டன்னுக்கு ஒரு லிட்டர். அதுதான் மலையின் சுங்கம்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பஸ்ஸைப் பார்ப்போம். வண்டி மட்டும் ஒன்பது டன் என்றும், அதில் ஐம்பது பேர் ஏறியிருக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 60 கிலோ வீதம் ஜனங்களின் எடை மூன்று டன். ஆக, ஏறுவதற்கென்று எரியும் எண்ணெயில் நான்கில் மூன்று பங்கு வண்டியை ஏற்றவும், ஒரு பங்கு மட்டுமே மனிதரை ஏற்றவும் செலவாகிறது. இத்தனைக்கும் இது நிரம்பிய பஸ். மத்தியானத்தில் பத்துப் பேருடன் ஏறும் பஸ்ஸின் கதி என்னவென்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. இனி அந்த ஒன்பது டன்னில் ஒரு டன் குறைந்ததென்று கொள்வோம். ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரு லிட்டர் மிச்சம். நாளொன்றுக்கு மூன்று நடை ஏறும் வண்டியில் மூன்று லிட்டர். பழுது பார்க்க நிற்கும் நாட்களைக் கழித்தாலும், வருஷத்தில் ஒரே பஸ்ஸில் ஆயிரம் லிட்டர்! ஜில்லாவில் ஓடும் பஸ்களின் தொகையை நேயர்களே பெருக்கிக்கொள்ளட்டும்.

ஏறும்போது செலவழித்தது இறங்கும்போது திரும்பக் கிடைக்குமே என்று சிலர் வாதிக்கலாம். டீசல் வண்டியைப் பொறுத்தமட்டில் அது கிடைக்கவே கிடைக்காது. மலைமேல் கொண்டுபோய்ச் சேர்த்த சக்தியெல்லாம் இறக்கத்தில் பிரேக்கில் உஷ்ணமாகக் கரைந்துபோகிறது. கீழே வந்து நிற்கும் லாரிகளின் சக்கரத்தருகே எழும் தீய்ந்த வாடையை மலைச்சாலையில் பிரயாணம் செய்த எவரும் அறிவர். அது காசு கொடுத்து வாங்கிய எண்ணெய் கருகும் வாடை. எடை மிகுந்த வண்டிக்கு ஏற்றத்தில் எண்ணெய்ச் செலவும், இறக்கத்தில் பிரேக் தேய்மானமும், அதற்கு மேல் அபாயமும் சேர்ந்துகொள்கின்றன.

எடையை எவ்விதம் குறைப்பது? வண்டிக்கார விவசாயிக்கு இது புதிய விஷயமன்று. முன்பாரம், பின்பாரம் பார்த்து மூட்டை அடுக்குகிறவன் அவன். மரச்சக்கரத்தையும் இரும்புப் பட்டத்தையும் கழற்றி எறிந்துவிட்டு டயர் வண்டிக்கு மாறியவனும் அவனே. பெங்களூர் மானேஜ்மெண்ட் நிலையத்தின் தலைவராயிருந்த என். எஸ். ராமசுவாமி, மாட்டு வண்டியைச் சீர்திருத்தி மாட்டின் துன்பத்தைக் குறைக்க வேண்டுமென்று வெகு காலம் பாடுபட்டார். படித்தவர்கள் சிலர் அப்பொழுது அதைப் பார்த்து நகைத்ததும் உண்டு. மாட்டுக்கு நோவு தெரியும் என்பதால் அங்கே எடை ஒரு பிரச்னையாயிற்று. எஞ்சினுக்கு நோவு தெரியாது. நோவு வண்டிக்காரனின் பையில் தெரிகிறது.

மோட்டார் வண்டியில் எடைக் குறைப்பு ஒரு வகைச் சங்கிலித் தொடர். பஸ்ஸின் பாடியில் 300 கிலோ குறைந்தால், அதைத் தாங்கும் ஸ்பிரிங்கும் சட்டமும் இலேசாகலாம். அவை இலேசானால் பிரேக்கும் டயரும் சிறுக்கலாம். இவ்வளவும் குறைந்தபின் சிறிய எஞ்சினே போதும். சிறிய எஞ்சினுக்குச் சிறிய டாங்கி போதும். ஆகவே முதலில் குறைத்தது முந்நூறானாலும் முடிவில் குறைவது அதற்கு மேலாகும். இதற்கு நேர்மாறான சங்கிலியும் உண்டு. ஓர் அலங்காரத்தைச் சேர்த்தால் அதைத் தாங்க ஓர் இரும்பு, அந்த இரும்பை இழுக்க ஓர் எஞ்சின் என்று பாரம் குட்டி போட்டுக்கொண்டே போகும். நம் நாட்டில் இன்று விற்கும் கார்கள் இந்த இரண்டாவது சங்கிலியில் சிக்கியிருக்கின்றன என்றே நாம் கருதுகிறோம்.

இரும்பின் அடர்த்தி 7.8 என்றால் அலுமினியத்தின் அடர்த்தி 2.7, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. உருக்கிலேயே உறுதி மிகுந்த வகைகள் இருக்கின்றன. அவற்றில் மெல்லிய தகடே பழைய தடித்த தகட்டின் வேலையைச் செய்யும். 1908-ல் ஹென்றி ஃபோர்டு தமது டி மாடல் காரை வனேடியம் கலந்த உருக்கினால் செய்தார். சுமார் 540 கிலோ எடையுள்ள அந்த வண்டி குடியானவர்களின் மேடு பள்ளப் பாதைகளில் அடிபட்டு அடிபட்டு உழைத்தது. தமிழ்நாட்டுக்கும் இத்துறையில் கைத்திறமை உண்டு. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகள் தென்னாடெங்கும் பேர் பெற்றவை. மேட்டூரில் 1960-களில் அலுமினிய உருக்காலை எழுந்து, சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்ஸைட்டைக் கொண்டு பல்லாண்டு நடந்து, பிறகு மூடப்பட்டது. எனினும் அலுமினியம் ஒரு மாயமருந்தன்று. ஒரு கிலோ புது அலுமினியம் எடுக்க 13 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகிறது; அந்தக் கடனை வண்டி ஓடி ஓடித்தான் அடைக்க வேண்டும். பழைய அலுமினியத்தை மறுபடி உருக்குவதற்கோ அதில் இருபதில் ஒரு பங்கு மின்சாரமே போதும். அடிக்கடி நின்று கிளம்பும் டவுன் பஸ்ஸும், நாள்தோறும் மலையேறும் பஸ்ஸும் அக்கடனைச் சீக்கிரம் அடைக்கும். வாரத்தில் ஒரு நாள் கோயிலுக்குப் போகும் கார் அடைக்க வெகுகாலம் பிடிக்கும்.

இங்கே ஓர் ஆட்சேபத்திற்கு விடை கூறியாக வேண்டும். கனமான வண்டியே பத்திரமான வண்டி. இலேசான வண்டி தகர டப்பா. மலைச்சாலையில் அதை நம்பலாமா என்று கேட்பவர் அநேகர். அவர்களுடைய பயம் அர்த்தமற்றதன்று. கூரைத் தாங்கியின் இரும்பைத் திருடி எடை குறைத்த வண்டி உருண்டால் உள்ளிருப்பவர் நசுங்குவர். அத்தகைய சிக்கனத்தைக் கொலை என்றே சொல்ல வேண்டும். ஆனால் கனம் வேறு, உறுதி வேறு. உறுதி என்பது எந்த இடத்தில் எந்த உலோகம் எவ்விதம் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பஸ் பாடிக்கென்று நம் சர்க்காரின் விதிகள் இருக்கின்றன. கவிழ்ந்தால் கூரை அமுங்காதிருக்கச் சோதனையும் இருக்கிறது. அந்தச் சோதனையில் தேறிய பிறகு எது இலேசோ அதுவே நல்ல வண்டி. அன்றியும் கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் வண்டியின் கனம் நமக்குப் பாதுகாப்பா, அபாயமா? தன் காரைக் கனமாக்கிக்கொள்கிறவர் தம் பத்திரத்துக்கு விலையாகப் பிறர் உயிரைத் தருகிறார்.

நிற்க, மலைவாசிகள் எடைச் சிக்கனத்தை அறியாதவர்களல்லர். தேயிலைத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். பறித்த கொழுந்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். இந்தக் கொழுந்தை மூட்டை மூட்டையாகச் சமவெளிக்கு இறக்கி அங்கே பதப்படுத்துவதில்லை. ஹட்டிகளிலிருந்து சிறு வண்டிகளில் கட்டபெட்டு முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோய், மலைமேலேயே வாட்டி, உலர்த்தி, தண்ணீரை மலையிலேயே விட்டுவிட்டுச் சரக்கை மட்டும் இறக்குகிறார்கள். வாடினால் கொழுந்து கெடும் என்பது இதற்கு முதற் காரணம். ஆனால் சாலைக்கும் எண்ணெய்க்கும் இதனால் விளைந்த லாபம் சாமானியமன்று.

கீழேயிருந்து ஏறுகிற சரக்குகளிலோ இந்தப் புத்தி காணப்படவில்லை. சமையல் வாயு சிலிண்டரைப் பாருங்கள். 14.2 கிலோ வாயுவை ஏற்றுவதற்கு ஏறத்தாழ அதே எடையுள்ள இரும்புக் கூட்டையும் சேர்த்து ஏற்றுகிறோம். காலியானதும் அதே கூட்டை இறக்குகிறோம். 2021-ல் இந்தியன் ஆயில் நிறுவனத்தார் நார்ப்பொருளாலான சிலிண்டரை வெளியிட்டார்கள். இரும்புச் சிலிண்டரில் பாதி எடையே உள்ள அது முதன்முதல் மலைஜில்லாக்களுக்கே வந்திருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். அதிலும் விசித்திரம் தண்ணீர்ப் புட்டி. மழை கொட்டும் மலைக்குச் சமவெளியிலிருந்து லாரியில் தண்ணீர் ஏறியது! ஆயிரம் லிட்டர்ப் புட்டிகள் ஒரு டன். ஒரு டன்னுக்கு ஒரு லிட்டர் டீசல். 2019-ல் ஜில்லா அதிகாரிகள் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளைத் தடுத்து, ஆங்காங்கே குடிநீர் இயந்திரங்களை நிறுவினார்கள். குப்பையைக் கருதிச் செய்த காரியம் பாரத்தையும் குறைத்தது.

வெளியூர்க் கார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை ஏற்பட்டது. 2025 கோடைக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உச்ச அளவும் வகுக்கப்பட்டது. அரசாங்க பஸ்களுக்கு இதில் விலக்களித்தது மிகச் சரியானது. ஆனால் கார்களுக்குள் இவ்வேற்பாடு தலையை எண்ணுகிறதேயொழிய எடையைப் பார்ப்பதில்லை. ஒரு டன் எடையுள்ள சிறு காரில் நால்வர் வந்தாலும் ஒன்று. இரண்டு டன் எடையுள்ள பெரிய வண்டியில் இருவர் வந்தாலும் ஒன்று. முதலாவதில் ஆளுக்குக் கால் டன் இரும்பு. இரண்டாவதில் ஆளுக்கு ஒரு டன். நிரம்பிய பஸ்ஸிலோ ஆளுக்கு 180 கிலோதான்.

இவ்வித எடைப் பாராமுகம் தில்லியிலும் இருக்கிறது. கார் உற்பத்தியாளருக்கு 2017 முதல் எரிபொருள் சிக்கன விதிகள் அமலில் உள. ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி எடை கூடினால் அதற்கு அனுமதிக்கப்படும் எண்ணெய்ச் செலவும் கூடும் என்பது அவ்விதியின் அமைப்பு. கனமாகச் செய்கிறவனுக்குக் கனத்துக்குத் தக்க சலுகை! இலேசாக்கிச் சிக்கனம் கண்டவனுக்கு அடுத்த படியில் இன்னும் கடுமையான அளவு! 2025 செப்டம்பரில் வெளியான வரைவில் 909 கிலோவுக்கு உட்பட்ட சிறு கார்களுக்குச் சிறிது இளக்கம் காட்டியபோது, உற்பத்தியாளர்களுக்குள் பெரிய தகராறு மூண்டது. அதில் எந்தக் கம்பெனி வென்றாலும் நமக்கொன்றுமில்லை. எடைக்குச் சலுகை தரும் விதி எடையைக் குறைக்காது என்ற ஒன்றே நாம் வற்புறுத்துவது.

லாரி விஷயம் சற்றுச் சிக்கலானது. 2018 ஜூலையில் மத்திய சர்க்கார் அச்சு எடை வரம்பை உயர்த்தினார்கள். நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின்னச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன்னாயிற்று. ஒரே வண்டியில் அதிகச் சரக்கு ஏறுவதால் டன்னுக்கு ஆகும் எண்ணெய் குறையும் என்பது மெய்தான். ஆனால் சாலை என்று ஒன்று இருக்கிறதல்லவா? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் நடந்த சாலைச் சோதனையில், அச்சின் பாரம் கூடினால் சாலைக்கு விளையும் சேதம் அதன் நான்காம் மடிப்பு வீதத்தில் கூடுவதாகக் கண்டார்கள். அந்தக் கணக்கின்படி 10.2 என்பது 11.5 ஆனால் சேதம் ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மலை சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் லாரியன்று, மழை. எனினும் அத்தகைய மண்ணில் செப்பனிட்டுச் செப்பனிட்டுக் காப்பாற்றும் சாலைக்குச் சமவெளிச் சாலையின் வரம்பையே விதிப்பது விவேகமாகாது. அதிகச் சரக்கு வேண்டுமானால் வண்டியின் சொந்த எடையைக் குறைத்து அந்த இடத்தில் ஏற்றட்டும். எண்ணெயும் மிஞ்சும், சாலையும் மிஞ்சும்.

மின்சார பஸ் வந்துவிட்டால் இந்த விசாரமே வேண்டாம் என்பர் சிலர். மலைக்கு மின்சார வண்டி மிகப் பொருத்தமானது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். இறக்கத்தில் அதன் மோட்டாரே டைனமோவாகி, பிரேக்கில் கருக வேண்டிய சக்தியில் ஒரு நல்ல பங்கைப் பாட்டரியில் திரும்பச் சேர்க்கிறது. ஆனால் அந்தப் பாட்டரியே இரண்டு டன் அளவுக்குக் கனக்கும். ஒரு டன்னைக் கோத்தகிரிக்கு ஏற்ற நான்கு யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும். பாட்டரி தன்னை ஏற்றிக்கொள்ளவே எட்டு யூனிட் தின்னும். 33 கிலோமீட்டர் ஏறி நிற்கும் வண்டிக்கு 300 கிலோமீட்டர் ஓடும் பாட்டரியைக் கட்டுவானேன்? சிறிய பாட்டரியும், மேட்டுப்பாளையத்திலும் கோத்தகிரியிலும் சார்ஜ் ஏற்றும் நிலையமும் வைத்தால் அந்தப் பாரமும் பாதியாகும்.

நாம் கேட்பது பெரிய காரியமன்று. மலைத் தடங்களுக்குப் புதிய பஸ் வாங்கும்போது, டெண்டரில் விலைக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கட்டும்: காலி வண்டியின் எடையை ஆசனங்களின் தொகையால் வகுத்து வரும் கிலோ. கவிழ்வுச் சோதனையில் தேறிய வண்டிகளுள் இந்த எண் எதற்குக் குறைவோ அதற்கு முதலிடம் தரட்டும். விலை சிறிது கூடினாலும், வருஷத்துக்கு ஆயிரம் லிட்டர் வீதம் எத்தனை வருஷத்தில் அது திரும்பும் என்பதைப் போக்குவரத்துக் கழகத்தின் கணக்கர் ஒரு காகிதத்தில் போட்டுவிடலாம். மலையில் பஸ்ஸை நம்பியிருப்பவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்களும், பள்ளிப் பிள்ளைகளும், ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவர்களும். எண்ணெய்ச் செலவு தாங்கவில்லையென்று ஒரு நடை நிறுத்தப்பட்டால் ஹட்டி வரைக்கும் நடக்க வேண்டியவர்கள் அவர்களே.

சிக்கனம் என்றவுடன் சில டிரைவர்கள் இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வண்டியை உருளவிடுவதையும் இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. அதில் சிக்கனமும் இல்லை. கியரில் இறங்கும் இக்கால எஞ்சினில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எண்ணெய் பாய்வதே நின்றுவிடுகிறது. சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் தான் நின்றுபோகாமலிருக்கவே எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கும். முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுத்தது இன்றைய எஞ்சினுக்கும் அப்படியே பொருந்தும்.